அழுத்தம் விழுங்கிய எழுத்துகள்

ஆங்கிலத்தில் ‘லிமிட்’ என்னும் வினையோடு இறந்தகால விகுதியைச் சேர்த்து எழுதும்போது நடுவே ஒரே ஒரு ‘டீ’ வருகிறது. ‘சப்மிட்’ என்னும் வினையோடு அதே விகுதியைச் சேர்த்தால் ‘டீ’ இரண்டாகிவிடுகிறது. இரு வினைகளும் ‘மிட்’ என்றே முடிகின்றன. சேரும் விகுதியும் ஒன்றே. கடைத்தெருவில் நிறுவனங்களின் பெயர்ப்பலகைகளில் ‘லிமிடெட்’ ஒற்றை ‘டீ’யோடு நிற்கிறது. அரசு அலுவலகக் கோப்புகளிலோ ‘சப்மிட்டெட்’ இரட்டை ‘டீ’யோடு நாள்தோறும் மேலே போய்க் கீழே வருகிறது. என்னைப் போன்ற எழுத்தர்கள் இவ்விரண்டையும் ஆயிரக்கணக்கான முறை எழுதியிருப்போம். ஏன் இவ்வாறு என்று பிள்ளைகள் கேட்டால், ‘ஆங்கிலத்துக்கு விதியாவது, கதியாவது’ என்று சிரித்து மழுப்புவதே நம் வழக்கம்.

விதி உண்டு. அது எழுத்தில் இல்லை, வாயில் இருக்கிறது. ‘லிமிட்’ என்பதை ஆங்கிலேயன் சொல்லும்போது முதலசையாகிய ‘லி’ ஓங்கி ஒலிக்கிறது. ‘மிட்’ தணிந்து போகிறது. ‘சப்மிட்’ என்பதில் ‘சப்’ தணிந்து ‘மிட்’ ஓங்குகிறது. ஓரெழுத்து உயிரும் ஓரெழுத்து மெய்யுமாக முடியும் சொல்லின் இறுதியசையில் அழுத்தம் விழுமாயின், உயிரில் தொடங்கும் விகுதி வந்து சேரும்போது அந்த மெய் இரட்டிக்கும். அழுத்தம் முன்னசையில் விழுமாயின் இரட்டிக்காது. ‘ஆஃபர்’ இரட்டிக்காமல் நிற்கிறது, ‘ரெஃபர்’ இரட்டிக்கிறது. ‘விசிட்’, ‘பெனிஃபிட்’ இரண்டும் ஒற்றையாகவே நிற்க, ‘கமிட்’, ‘பர்மிட்’, ‘அமிட்’ ஆகியவை இரட்டிக்கின்றன. இன்னும் வியப்பு ஒன்றுண்டு. ‘பிரிஃபர்’ என்னும் வினை இறந்தகாலத்தில் ‘ஆர்’ எழுத்தை இரட்டித்துக்கொள்கிறது. அதிலிருந்து பிறந்த ‘பிரிஃபரன்ஸ்’ என்னும் பெயரிலோ ஒற்றை ‘ஆர்’தான். ஏனெனில் அங்கே அழுத்தம் பின்னசையை விட்டு முதலசைக்குத் தாவிவிட்டது. காதால் கேட்டறிய வேண்டிய விதியைக் கண்ணால் மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர்கள் நாம்.

(ஆங்கில எழுத்துகளை அவற்றின் பெயராலேயே இக்கட்டுரையில் குறிக்கிறேன். பிள்ளைகள் எழுத்துக்கூட்டி ஒப்பிப்பதும் அவ்வாறுதானே!)

வடபுலத்து நகரங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு இது வெறும் இலக்கண வேடிக்கை அன்று. நம்மில் பலருடைய தந்தையரை அல்லது பாட்டன்மாரை இங்கு அழைத்துவந்தது ஆங்கில எழுத்துக்கூட்டே ஆகும். தட்டெழுத்தில் ‘லோயர்’, ‘ஹையர்’ என இரு தேர்வுகளும் தேறி, சுருக்கெழுத்தும் கற்று, ஒரு தகரப்பெட்டியோடு இரயிலேறியவர்கள் அவர்கள். 1837-இல் ஐசக் பிட்மன் வகுத்த சுருக்கெழுத்து முறை ஒலியைத்தான் எழுதுகிறது. மெய்களைக் கோடுகளாக இழுத்து, உயிர்களைப் புள்ளியும் சிறு கீற்றுமாக இடுவது அம்முறை. வேகம் கூடும்போது உயிர்க்குறிகள் பெரும்பாலும் விடப்படும். பிறகு தட்டச்சுப் பொறியின்முன் அமர்ந்து, விடுபட்ட ஒவ்வோர் உயிரையும் உரிய எழுத்தாக மீட்டெடுக்க வேண்டும். தொலைந்த உயிர்களை மீட்கும் இக்கலையில் தமிழர் பெயர் பெற்றிருந்தனர். அதற்கு உழைப்பு ஒரு காரணம். மற்றொரு காரணம் நம் மொழியின் தாளம் என்பது என் கருத்து.

தமிழ் ஒலியை அளப்பது மாத்திரையால். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று தொல்காப்பியர் வகுத்தார். கண் இமைக்கும் பொழுது அல்லது விரல் நொடிக்கும் பொழுதே மாத்திரை. ‘படி’ வேறு, ‘பாடி’ வேறு. நீட்டினால் பொருள் மாறும். ஓரசையை உரக்கச் சொல்வதால் மட்டும் தமிழில் ஒரு சொல் வேறு சொல்லாகிவிடுவதில்லை. சொல்லின் முதலசையில் சிறிது அழுத்தம் உண்டென்று ஒலியியலார் சொல்வர்; ஆயினும் அது மற்ற அசைகளை நசுக்குவதில்லை. ஆங்கிலத்திலோ ‘ரெக்கார்ட்’ என்னும் சொல்லில் முதலசை ஓங்கினால் ஆவணம்; பின்னசை ஓங்கினால் பதிவு செய்தல். 1570-இல் பீட்டர் லெவின்ஸ் வெளியிட்ட இயைபு அகராதியில் அழுத்தக்குறி இடப்பட்டுள்ளது. இவ்வாறு அழுத்தத்தால் பெயரும் வினையுமாகப் பிரியும் சொற்கள் அதில் மூன்றே எனக் கணக்கிட்டுள்ளனர். இன்று அவை நூற்றுக்கு மேற்பட்டு வளர்ந்துள்ளன.

நலிந்த ஒலியை நம் இலக்கணிகள் அறியாதவர் அல்லர். ‘நாடு’, ‘பாக்கு’ என்னும் சொற்களின் ஈற்று உகரம் தன் மாத்திரையில் பாதி இழக்கிறது என்று கண்டு, அதற்குக் குற்றியலுகரம் எனப் பெயரும் சூட்டினர். ஐகாரக்குறுக்கம், மகரக்குறுக்கம் என்று குறுகியவற்றுக்கெல்லாம் கணக்கு வைத்தனர். செய்யுளை அலகிடும்போது தளை கெடுமாயின் குற்றியலிகரத்தைக் கணக்கில் கொள்ளாது விடலாம் என்றும் விதித்தனர். ஆங்கிலத்தில் மிகுதியாக ஒலிக்கும் உயிரே ஒரு நலிந்த உயிர்தான். ‘ஷ்வா’ என்று ஒலியியலார் அதற்கு எபிரேய மொழியிலிருந்து பெயர் கொண்டனர். ஆனால் அவ்வுயிருக்கென்று இருபத்தாறு எழுத்துகளில் ஓரெழுத்தும் இல்லை! ஏ, ஈ, ஐ, ஓ, யூ என எந்த உயிரெழுத்தும் அழுத்தமற்ற அசையில் நின்றால் அந்த ஒலியாகத் தேய்ந்துவிடக் கூடும். ஒலியைக் கேட்டு எழுத்தைக் காண முயலும் குழந்தை இந்த இடத்தில்தான் தடுமாறுகிறது. இந்நிலை எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிய ஆயிரம் ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

பழைய ஆங்கிலம் ஜெர்மானியக் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்ப மொழிகளில் அழுத்தம் பெரும்பாலும் சொல்லின் வேர் அசையில், அதாவது தொடக்கத்தில், நிலைத்துவிட்டது. தலை கனத்தால் வால் மெலியும் என்பது போல, வேற்றுமை உருபுகளையும் எண் விகுதிகளையும் தாங்கிநின்ற ஈற்றசைகள் நாளடைவில் தேய்ந்தன. பெயர் என்னும் பொருள் தரும் ‘நேம்’ என்ற சொல் அன்று ‘நம’ என்று இருந்தது. வடமொழியின் ‘நாமம்’ அதற்கு உறவுச்சொல்லே. ஈற்றில் நின்ற அகரம், உகரம், எகரம் எல்லாம் பதினோராம், பன்னிரண்டாம் நூற்றாண்டுகளில் ஒரே நலிந்த ஒலியாகக் கலந்தன. ‘நம’ என்பது ‘நாமெ’ ஆயிற்று. பின்னர் அந்த ஈற்று ஒலியும் மறைந்தது. எழுத்து மட்டும் கோயில் மறைந்த ஊரில் கொடிமரம் நிற்பதைப் போல நின்றுகொண்டது. அதுவே நம் பிள்ளைகளைத் துன்புறுத்தும் ‘ஊமை ஈ’.

இந்த ஊமை எழுத்தால் ஒரு பெருங்கவிஞரின் புகழுக்கே குறை நேர்ந்தது. 1400-இல் மறைந்த சாஸர் தம் செய்யுளில் ஈற்று ‘ஈ’யைப் பல இடங்களில் ஓர் அசையாகக் கொண்டு பாடினார். அவருக்குப் பின் சில தலைமுறைகளில் அந்த ஒலி பேச்சிலிருந்து அறவே நீங்கியது. பின்வந்தோர் அவர் பாடல்களை எடுத்துப் படித்தபோது அடிகளில் அசைகள் குறைந்து நின்றன. பொருளழகை வியந்தவர்களும் ஓசையில் அவரைப் பயிலாத கைக்காரராகவே எண்ணினர். 1700-இல் டிரைடன் போன்ற பெரும்புலவரே சாஸரைப் போற்றிக்கொண்டே அவர் யாப்பு ஒழுங்குபட்டதன்று என்று எழுதினார். தாமஸ் டிர்விட் என்னும் பதிப்பாசிரியர் 1775 முதல் வெளியிட்ட பதிப்பில்தான், ஈற்று ‘ஈ’யை ஒலித்துப் படித்தால் அடிகள் சீராகும் என்பது நன்கு நிறுவப்பட்டது. நானூறு ஆண்டுப் பழமைக்கே இந்தக் கதி. குற்றியலிகரத்துக்கு அலகு உண்டா இல்லையா என்பதைக்கூட எழுதிவைத்துச் சென்ற நம் யாப்பிலக்கணிகளின் அருமை இத்தகைய இடங்களில் விளங்குகிறது.

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளம்போல் புகுந்தன. பிரெஞ்சில் அழுத்தம் சொல்லின் இறுதியை நாடுவது. ஆங்கிலத்தில் தொடக்கத்தை நாடுவது. வந்த விருந்தாளிகள் வீட்டு வழக்கத்துக்கு மெல்ல மெல்லப் பணிந்தனர். ‘கேப்டன்’, ‘மௌன்டன்’, ‘சர்ட்டன்’ என்னும் சொற்களில் அழுத்தம் முன்னே நகர்ந்தது, பின்னசை நலிந்தது. அவற்றை எழுதும்போது மட்டும் இறுதியில் ‘ஏ, ஐ, என்’ என்ற மூன்றெழுத்துகள் இன்றும் வருகின்றன. ‘கன்டெய்ன்’, ‘மெய்ன்டெய்ன்’, ‘அப்டெய்ன்’ ஆகிய வினைகளில் அதே மூன்றெழுத்துகள் உள்ளன. அங்கே அழுத்தம் பின்னசையிலேயே தங்கிவிட்டதால் அவை முழு ஒலியோடு விளங்குகின்றன. ‘கரேஜ்’ என நாம் சொல்லும் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலேயன் வாயில் அது ‘கரிஜ்’. பின்னசையில் ‘ஏ’ எழுத்து ஏன் என்று தோன்றும். அதன் பெயரடையாகிய ‘கரேஜஸ்’ என்பதில் அழுத்தம் பின்வாங்கியவுடன் மறைந்திருந்த ‘ஏ’ முழு ஒலியோடு வெளிப்பட்டுவிடுகிறது.

இனி, எழுத்து எப்போது உறைந்தது என்பதைப் பார்ப்போம். எழுத்தர் இனத்துக்கு வரலாற்றில் கிடைத்த பெருமைகள் மிகச் சிலவே. ஆதலால் இதைச் சற்று நின்று சொல்கிறேன். 1417 முதல் ஐந்தாம் ஹென்றி மன்னர் தம் முத்திரை அலுவலகக் கடிதங்களை ஆங்கிலத்தில் எழுதச் செய்தார். அதுவரை அரசாங்கத் தாள்களில் இலத்தீனும் பிரெஞ்சுமே ஆட்சி செய்தன. அந்நூற்றாண்டில் அரசு அலுவலகங்களின் எழுத்தர்கள் நாடெங்கும் அனுப்பிய ஆவணங்கள், ஊருக்கு ஒன்றாகக் கிடந்த எழுத்துமுறையை ஒரு வழிக்குக் கொண்டுவர உதவின. அவர்கள் பங்கு எவ்வளவு என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பங்கு உண்டு என்பதில் ஐயமில்லை. 1476-இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவினார். எழுத்து ஈயத்தில் வார்க்கப்பட்டது.

நாக்கு ஈயத்துக்குக் கட்டுப்படுமா? ஏறத்தாழ 1400-க்கும் 1700-க்கும் இடையில் ஆங்கில நெடில்கள் அனைத்தும் இடம்பெயர்ந்தன. ‘நாமெ’ என்றது ‘நேம்’ ஆகவும், ‘தீமெ’ என்றது ‘டைம்’ ஆகவும் திரிந்தது அப்போதுதான். டென்மார்க் நாட்டு அறிஞர் யெஸ்பர்சன் 1909-இல் இதற்குப் ‘பெரும் உயிர்ப்பெயர்ச்சி’ என்னும் கருத்தில் பெயரிட்டார். இம்மாற்றமும் அழுத்தம் பெற்ற நெடில்களையே பற்றியது. ஆகவே அழுத்தம் இருவகையில் வேலை செய்தது: தான் அமர்ந்த அசையின் உயிரை மாற்றியது, தான் அமராத அசையின் உயிரைத் தேய்த்தது. எழுத்து இரண்டுக்கும் அசையவில்லை. 1582-இல் இலண்டன் பள்ளியொன்றின் தலைமையாசிரியரான ரிச்சர்ட் மல்காஸ்டர் எழுத்துக்கூட்டு பற்றி ஒரு நூல் எழுதினார். ஒலிப்படியே எழுத்தை மாற்ற வேண்டும் என்று அன்று சிலர் வாதாடினர். மல்காஸ்டர், வழக்கத்தையும் மதிக்க வேண்டும் என்றார். ஒலியிழந்த ஈற்று ‘ஈ’க்கு, முன்னுள்ள உயிரை நீட்டிக்காட்டும் வேலையையும் அவர் விளக்கினார். ஓய்வு பெற்றவருக்கு மறுநியமனம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஊர்ப்பெயர்களில் இத்தேய்மானம் வேடிக்கையாகவே தோன்றும். கிரிக்கெட் அன்பர்கள் அறிந்த ‘லெஸ்டர்’ ஒன்பது எழுத்துகளால் எழுதப்படுவது. ‘வுஸ்டர்’ என்பதும் அவ்வாறே. இரண்டிலும் பிற்பகுதி, கோட்டையைக் குறித்த பழஞ்சொல். ‘கப்’, ‘போர்டு’ என்ற இரு சொற்கள் சேர்ந்த சொல்லை ஆங்கிலேயன் ‘கபட்’ என்று விழுங்குகிறான். நாம் ‘கப்போர்டு’ என்று வாய் நிறையச் சொல்கிறோம். நகைப்போர் நகைக்கட்டும், ‘கப்போர்டு’ என்று சொல்லும் தமிழ்ப்பிள்ளை அச்சொல்லைத் தவறாக எழுதுவதில்லை.

அழுத்தத்தை எழுத்துப் பாடத்தின் அடிப்படையாகவே கொண்டவர் ஒருவர் உண்டு. அமெரிக்காவின் நோவா வெப்ஸ்டர் 1783-இல் வெளியிட்ட எழுத்துக்கூட்டு நூல், நீல அட்டையால் பெயர்பெற்று, அந்நாட்டுப் பிள்ளைகள் பல தலைமுறையாகக் கற்ற நூல். அதில் சொற்கள் அசை எண்ணிக்கையாலும் அழுத்தம் விழும் இடத்தாலும் அட்டவணைப்படுத்தப்பட்டுள்ளன: முதலசை அழுத்தம் பெறும் ஈரசைச் சொற்கள் ஓரிடம், இரண்டாமசை அழுத்தம் பெறுவன மற்றோரிடம். பிள்ளை எழுத்தைக் கற்கும்போதே தாளத்தையும் கற்றது. பின்னர் அகராதி செய்தபோதும் இந்த ஒழுங்கை அவர் விடவில்லை. ‘டிராவல்’ என்பதில் முதலசைதான் அழுத்தம் பெறுகிறது. பிறகு ஏன் விகுதி சேரும்போது ‘எல்’ இரட்டிக்க வேண்டும் என்று கேட்டு, ஒற்றை ‘எல்’ போதும் என்றார். அமெரிக்கர் இன்றும் அவ்வாறே எழுதுகின்றனர். இங்கிலாந்தின் வழக்கத்தைப் பின்பற்றும் நாம் விதிக்கு விலக்காக இரட்டை ‘எல்’ எழுதுகிறோம். பயணப்படி விண்ணப்பங்களைக் கையாண்டவர்களுக்கு இச்சொல் நன்கு பழக்கமானதே. இதற்கு முன்பே, 1755-இல் வெளிவந்த ஜான்சனின் பேரகராதியும் தலைச்சொற்களின்மேல் அழுத்தக்குறி இட்டிருந்தது. நம் பள்ளிப்புத்தகங்கள் அந்த வழியை ஏனோ பின்பற்றவில்லை. ‘சி ஏ டி கேட், கேட் என்றால் பூனை’ என்று கோரஸாக ஒப்பித்த வகுப்புகளில் எழுத்து இருந்தது, பொருள் இருந்தது; அழுத்தத்தைப் பற்றி ஆசிரியர் வாய் திறந்ததில்லை.

இருபதாம் நூற்றாண்டில் மொழிகளின் தாளத்தை ஒப்பிடும் ஆராய்ச்சி எழுந்தது. 1940-இல் லாயிட் ஜேம்ஸ் என்னும் ஒலியியலார், சில மொழிகள் இயந்திரத் துப்பாக்கி வெடிப்பதுபோல ஒரே சீராக ஒலிப்பதாகவும், ஆங்கிலம் போன்றவை தந்திக் குறியீடுபோல நீண்டும் குறுகியும் ஒலிப்பதாகவும் உவமித்தார். 1945-இல் அமெரிக்கரான கென்னத் பைக் முன்னதை அசைத்தாளம் என்றும் பின்னதை அழுத்தத்தாளம் என்றும் பிரித்தார். 1967-இல் எடின்பரோவின் அபர்குரோம்பி, அசைத்தாளத்துக்கு எடுத்துக்காட்டாகப் பிரெஞ்சோடு நம் அண்டைமொழியான தெலுங்கையும் காட்டினார். பின்னர்க் கருவிகொண்டு அளந்தபோது இப்பிரிவு அவ்வளவு துல்லியமானதன்று எனத் தெரியவந்தது. ஆங்கிலத்தில் அழுத்தங்களுக்கிடையே சம இடைவெளி இல்லை. மற்ற மொழிகளிலும் அசைகள் சம அளவின அல்ல. நெடிலும் குறிலும் உள்ள தமிழில் அவை எவ்வாறு சமமாகும்? ஆயினும் அழுத்தமற்ற உயிரை ஆங்கிலம் நசுக்குவதுபோல் தமிழ் நசுக்குவதில்லை என்பது அளவைக்கும் செவிக்கும் ஒத்த உண்மை.

ஆங்கிலக் குழந்தை இந்தத் தாளத்தைத் தாய்மடியிலேயே பற்றிக்கொள்கிறது. 1987-இல் கட்லர், கார்ட்டர் என்னும் இருவர், ஆங்கிலப் பேச்சில் வரும் பொருள்தரும் சொற்களில் ஏறத்தாழப் பத்துக்கு ஒன்பது வலுவான அசையில் தொடங்குவதைக் காட்டினர். வலுவான அசை கேட்டால் புதுச்சொல் தொடங்கிவிட்டது என்று கொள்வது குழந்தைக்கு எளிய வழி. 1993-இல் நடந்த ஆய்வொன்றில், ஆறு மாதக் குழந்தைகளிடம் காணப்படாத ஒரு விருப்பம் ஒன்பது மாதக் குழந்தைகளிடம் காணப்பட்டது: வலுத்துப் பின் மெலியும் சொற்களை அவை கூடுதல் நேரம் செவிமடுத்தன. இவ்வழியில் இடறலும் உண்டு. ‘கிட்டார்’ என்பதில் வலு பின்னசையில் இருப்பதால், அடுத்த சொல்லாகிய ‘இஸ்’ என்பதையும் ஒட்டிக்கொண்டு, ‘டாரிஸ்’ என்று ஒரு சொல் இருப்பதாக ஏழரை மாதக் குழந்தைகள் கொண்டுவிட்டன என 1999-இல் கண்டனர். பேசத் தொடங்கும் ஆங்கிலக் குழந்தை ‘பனானா’ என்பதை ‘நானா’ என்பதும் இதன் தொடர்ச்சியே.

தாளத்தைப் பற்றும் செவிக்கும் எழுத்தைப் பற்றும் கைக்கும் உறவு உண்டா? உண்டு என்பதே அண்மை ஆய்வுகளின் போக்கு. 1983-இல் ஆக்ஸ்ஃபோர்டின் பிராட்லியும் பிரையண்டும் நானூறு சிறுவர் சிறுமியரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, சொல்லின் இயைபையும் மோனையையும் பிரித்தறியும் திறன் பிற்காலப் படிப்போடும் எழுத்துக்கூட்டோடும் இணைந்திருப்பதை வெளியிட்டனர். பின்னாளில் கேம்பிரிட்ஜில் பேராசிரியராக விளங்கிய உஷா கோஸ்வாமி 2002-இல் உடன்பணியாற்றியோருடன் வெளியிட்ட ஆய்வு மேலும் ஆழமானது. எழுத்தறிவில் பெரிதும் இடர்ப்படும் குழந்தைகளுக்கு, ஓரசை எழும்போது ஒலி ஓங்கும் வேகத்தைப் பகுத்துணரும் செவித்திறன் குறைந்திருக்கக் காண்கிறோம் என்றது அது. 2006-இல் கிளேர் வுட், சொல்லழுத்தத்தை உணரும் திறனுக்கும் எழுத்துக்கூட்டும் திறனுக்கும் தொடர்பு இருப்பதைச் சிறுவரிடம் சோதித்துக் காட்டினார். கைதட்டிப் பாடும் பாட்டும், பாண்டியாட்டமும் படிப்பைக் கெடுக்கும் என்று கண்டிக்கும் பெற்றோர் இவற்றைக் கவனிக்கலாம்.

இங்கே நம் இல்லங்களுக்கு வருவோம். வடபுலத்தில் பிறந்து வளரும் நம் பிள்ளைகள் பள்ளியில் கேட்கும் ஆங்கிலம் வேறு. நாம் ஊரிலிருந்து கொண்டுவந்த ஆங்கிலம் வேறு. மகன் தந்தையின் உச்சரிப்பைத் திருத்துகிறான். தந்தை மகனின் எழுத்தைத் திருத்துகிறார். இருவருக்கும் சிறு மனத்தாங்கல். தந்தை ‘வெட்-நெஸ்-டே’ என்றும் ‘மெடிசைன்’ என்றும் எழுத்தெல்லாம் ஒலிக்கச் சொல்லிப் பழகியவர். அழுத்தம் விழுங்கிய எழுத்துகள் அவர் நாவில் விழுங்கப்படாமல் நிற்கின்றன. ஆகவே அவர் எழுத்து பிசகுவதில்லை. ஆனால் ஆங்கிலம் பேசிப் பிறந்தவன் அவர் பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்ளத் திணறுகிறான். ஐதராபாத்தில் 1958-இல் தொடங்கி இன்று பல்கலைக்கழகமாக விளங்கும் ஆங்கில நிறுவனத்திலிருந்து 1969-இல் பன்சால் வெளியிட்ட ஆய்வு, இந்தியர் ஆங்கிலம் அயலாருக்கு விளங்காமைக்குச் சொல்லழுத்தம் இடம்மாறுவது முதன்மையான காரணங்களில் ஒன்று என்று காட்டியது. மகனுக்கு இந்தக் குறை இல்லை. அவன் செவி சரியாகவே கேட்கிறது. சரியாகக் கேட்பதாலேயே ‘செபரேட்’ என்பதன் நடுவில் ‘ஏ’ எழுத்தா ‘ஈ’ எழுத்தா என்று அவனுக்குத் தெரிவதில்லை. அவனைக் கவனமற்றவன் என்று ஏசுவது நியாயமாகாது. அங்கே கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

இதே சிக்கலைத் தமிழிலும் அவன் சந்திக்கிறான் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. வீட்டில் அவன் கேட்பது ‘எல’, ‘ஒடம்பு’. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் எழுத வேண்டியது ‘இலை’, ‘உடம்பு’. தெருவில் வழங்கும் இந்தியிலும் எழுத்தில் ‘கமல’ என நிற்பது பேச்சில் ‘கமல்’ என ஈற்று அகரம் இழக்கிறது. மூன்று மொழிகள், மூன்று தேய்மானங்கள். இத்தனையையும் தாங்கிக்கொண்டு பத்து வயதுப் பிள்ளை நடமாடுவதே பெரிது.

அவனுக்குச் சொல்லித்தர ஒரு வழி உண்டு. அது மேலே கண்ட வரலாற்றிலிருந்தே கிடைப்பது. அழுத்தம் ஓரிடத்தில் விழுங்கிய எழுத்தை அச்சொல்லின் உறவுச்சொல் மற்றோரிடத்தில் உமிழ்ந்துவிடும். ‘கிராமர்’ என்பதன் ஈற்றில் ‘ஏ’ எழுத்தா என ஐயம் வந்தால் ‘கிராமாட்டிக்கல்’ என்று சொல்லிப் பார்க்கலாம். ‘எடிட்டர்’ என்பதில் மறைந்த ‘ஓ’ எழுத்து ‘எடிட்டோரியல்’ என்பதில் ஒலிக்கும். ‘டெஃபினிட்’ என்பதற்கு ‘ஃபைனைட்’ சான்று கூறும். ‘ஏ, என், சீ, ஈ’ என முடிவதா, ‘ஈ, என், சீ, ஈ’ என முடிவதா என்று எழுத்தர்களே மயங்கும் இடத்திலும் இவ்வழி ஓரளவு உதவும். ‘சப்ஸ்டன்ஸ்’ என்பதற்குச் ‘சப்ஸ்டான்ஷியல்’ உண்டு; ‘கான்ஃபிடன்ஸ்’ என்பதற்கு உறையின்மேல் நாம் முத்திரையிடும் ‘கான்ஃபிடென்ஷியல்’ உண்டு. ‘செபரேட்’ என்பதோ தொலைவான உறவு: இலத்தீனில் அதன் வேரும் ‘பிரிப்பேர்’ என்பதன் வேரும் ஒன்றே. நடுவில் நிற்பது ‘ஏ’ எழுத்து என்பதை அந்தச் சொல் காட்டிவிடும். அமெரிக்காவில் 1925 முதல் நடக்கும் எழுத்துக்கூட்டுப் போட்டியில் 1985-இல் பாலு நடராஜன் முதலாகப் பல இந்திய வம்சாவளிப் பிள்ளைகள் வாகை சூடியுள்ளனர். அப்போட்டியில் பிள்ளைகள், கேட்ட சொல்லை எழுதுமுன் அது எந்த மொழியிலிருந்து வந்தது என்று நடுவரிடம் கேட்பதைக் காணலாம். நலிந்த உயிருக்கு முன் செவியை நம்பிப் பயனில்லை என்பதை அறிந்தவர்கள் அவர்கள்.

தலைநகரில் வாழும் பிள்ளைகளுக்கு இன்னோர் எடுத்துக்காட்டு அருகிலேயே இருக்கிறது. ‘செக்ரட்டரி’ என்பதை அவர்கள் பள்ளியில் கேட்பது ஏறத்தாழச் ‘செக்ரட்ரி’ என்றுதான். ‘டீ’ எழுத்துக்கும் ‘ஆர்’ எழுத்துக்கும் இடையே ‘ஏ’ ஒன்று நிற்பதை அந்த ஒலியிலிருந்து எவராலும் அறிய இயலாது. 2005-இல் திறக்கப்பட்ட மத்தியச் செயலக மெட்ரோ நிலையத்தை வண்டி நெருங்கும்போது அறிவிப்பில் அழுத்தம் இடம்மாறிச் ‘செக்ரட்டேரியட்’ என்று ஒலிக்கும். அந்த ‘ஏ’யை அப்போது கேட்கலாம்.